பிளேரியோ 11 மாடல் கோணிக்கொண்டால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்த அந்த ஒற்றை இறக்கை விமானத்தை, கிட் எதுவும் வாங்காமல், வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மரம், தாள், நூல், பித்தளைக் குழாய் என்று ஆரம்பத்திலிருந்து செய்கிறவர்களுக்காக இது. 1/12 அளவில், காட்சிக்கு வைக்கும் மாடலை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆன்டுவானெட், டெபெர்டுசான், டௌபே என்று அந்தக் காலத்து மற்ற ஒற்றை இறக்கை விமானங்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

இந்த விமானத்தில் எதையும் மறைக்க முடியாது. உடலின் பின்பாதிக்குத் துணியே கிடையாது, எலும்புக்கூடு அப்படியே தெரியும். இறக்கை மெல்லியது, அதைத் தாங்கிப் பிடிப்பதே கம்பிகள்தான். ஒவ்வொரு பாகமும் இன்னொன்றை இழுத்துக்கொண்டிருப்பதால் கோணல் தெரிகிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் வேறொன்று. கோணலைக் கண்டவுடன் பலரும் முதலில் செய்வது கம்பியை இழுத்துக் கட்டுவது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். மரம் கோணியிருந்தால் கம்பி அதை நேராக்காது, கோணலை இன்னோர் இடத்துக்குத் தள்ளிவிடும், அப்புறம் இரண்டு இடத்தில் தேட வேண்டியிருக்கும். கீழே எந்தப் பகுதியைப் படித்தாலும் கம்பியைத் தொடுவது கடைசி வேலை.

படத்தோடு ஒத்துப்போகவில்லை, எங்கே தப்பு என்று தெரியவில்லை

முதலில் அளவுகோலை எடுத்து வரைபடத்தை அளங்கள். இறக்கையின் முழு அகலம் 7.79 மீட்டர், நீளம் 7.62 மீட்டர் என்பதுதான் பிளேரியோ 11-க்குப் பொதுவாகத் தரப்படும் அளவு. 1/12-ல் அது 649 மில்லிமீட்டரும் 635 மில்லிமீட்டரும் ஆக வேண்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் பிரின்டர் பக்கத்துக்குள் அடக்குவதற்காகச் சுருக்கியிருக்கிறது, சரியான விகிதத்தில் மறுபடி அச்சிட்டால் போதும். ஒன்று சரியாக இருந்து மற்றது மட்டும் தவறினால் தாள் ஓடும் திசையில் இழுபட்டிருக்கிறது. அந்தத் தாளை வைத்து ஒரு துண்டுகூட வெட்டாதீர்கள்.

அளவு சரியாக இருந்தும் தோற்றம் ஒட்டவில்லை என்றால், வரைபடம் ஒரு விமானத்துக்கும் புகைப்படம் இன்னொரு விமானத்துக்கும் உரியதாக இருக்கும். பிளேரியோ 11 பல வருடங்கள், பல மாற்றங்களோடு செய்யப்பட்டது. கால்வாய் கடந்தது மூன்று சிலிண்டர் அன்ஸானி எஞ்சினோடு. பின்னால் வந்தவற்றில் எஞ்சினே சுழலும் நோம் வகை பொருத்தப்பட்டது, இரண்டு பேர் உட்காரும் வடிவமும் வந்தது. ஒரு குறிப்பிட்ட விமானத்தைத் தேர்ந்தெடுத்து அதன் படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் கடந்த விமானமே வேண்டும் என்றால் அது பாரிஸின் ஆர் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஓல்டு வார்டனில் உள்ள ஷட்டில்வொர்த் தொகுப்பில் 1909-ல் செய்யப்பட்ட இன்னொன்று இன்னமும் இயங்கும் நிலையில் இருக்கிறது. இரண்டின் படங்களையும் கலந்துவிட்டால் எதற்கும் பொருந்தாத மூன்றாவது ஒன்றுதான் கிடைக்கும்.

பக்கத்தில் நின்று எடுத்த புகைப்படத்திலிருந்து அளவு எடுக்கவே கூடாது. முன்னால் இருக்கும் சக்கரம் பெரிதாகவும் வால் சிறிதாகவும் விழும்.

விலாக்களை, அதாவது இறக்கைக்குக் குறுக்கே நின்று வடிவம் தரும் துண்டுகளை, லேசர் வெட்டுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு கொடுங்கள். தப்பான கோட்டை லேசர் மிகத் துல்லியமாக வெட்டித் தரும்.

இறக்கை முறுக்கிக்கொண்டது

எல்லாக் கோளாறிலும் அதிகம் வருவது இதுதான். காரணம் அந்த விமானத்தின் இயல்பிலேயே இருக்கிறது. நிஜ பிளேரியோ 11-ல் திரும்புவதற்குத் தனி மடல்கள் கிடையாது, இறக்கையின் பின்விளிம்பையே கம்பியால் இழுத்து முறுக்கித்தான் சாய்த்தார்கள். முறுக்கிக்கொடுப்பதற்கென்றே அமைந்த இறக்கை அது, மாடலிலும் அதே குணம் வரும்.

முறுக்கு இருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நேரான நீளக் குச்சிகளை எடுத்து, ஒன்றை உடல் பக்கத்து விலாவின் மேலும் மற்றொன்றை நுனி விலாவின் மேலும், இரண்டும் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தொடும்படி வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒன்றன் வழியே மற்றதைப் பாருங்கள். இணையாக இல்லையென்றால் முறுக்கு. குச்சி நீளமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத சிறு முறுக்கும் பெரிதாகத் தெரியும். இரண்டு இறக்கைக்கும் இதைச் செய்து, எந்தப் பக்கம், எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு, பின்விளிம்பு நுனியில் கொஞ்சம் மேலே போகும்படி இருந்தால் விட்டுவிடலாம், பார்க்கிறவர் கண்ணை உறுத்தாது. ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் தூரத்திலிருந்தே தெரியும், சரிசெய்தே ஆக வேண்டும்.

*இப்போதுதான் டோப் அடித்தீர்கள், காய்ந்துகொண்டிருக்கிறது.* டோப் என்பது தாளைச் சுருக்கி இறுக்கும் பூச்சு. ஒரு பக்கம் மட்டும் அடித்து வைத்திருக்கிறீர்களா? அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கிறது. மறுபக்கமும் அதே கலவையை உடனே அடித்து, பலகையில் குண்டூசியால் பிடித்து வையுங்கள். இந்த இறக்கைக்கு அடிப்பக்கம் குழிவு என்பதால் நேரடியாகப் பலகையில் படுக்க வைக்க முடியாது, முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அடியில் ஒரே உயரக் கட்டைகளை முழு நீளத்துக்கும் வைத்து அதன் மேல் பிடியுங்கள். ஒரு இரவு போதாது, டோப் பல நாட்களுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

*காய்ந்து வெகுநாள் ஆகிவிட்டது.* கெட்டில் ஆவியில் இறக்கையைக் காட்டி, முறுக்குக்கு எதிர்த்திசையில், நேர்நிலையைக் கொஞ்சம் தாண்டும் அளவுக்கு வளைத்து, ஆவியிலிருந்து எடுத்த பிறகும் முழுக்க ஆறும்வரை கையை எடுக்காமல் பிடித்திருங்கள். ஆறும்முன் விட்டுவிட்டால் பழைய நிலைக்கே போய்விடும். ஒரேயடியாக முழுதும் திருப்பப் பார்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது, மரம் முறியாது, தாளும் கிழியாது. ஆவி விரலைச் சுடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

*சரிசெய்த பிறகு திரும்பத் திரும்ப வருகிறது.* இப்போதுதான் கிளை பிரிகிறது. அடிப்பக்கத் தாளைப் பின்விளிம்பில் மட்டும் கத்தியால் கீறி விடுவியுங்கள். இறக்கை தானாக நேரானால் குற்றம் தாள் மேல், அதை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினால் தீர்ந்தது. கீறிய பிறகும் முறுக்கு அப்படியே இருந்தால் குற்றம் மரத்தின் மேல். தின்னர் தடவி மீதித் தாளையும் எடுத்துவிட்டு வெறும் சட்டகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பின்விளிம்பில் ஏதோ ஒரு விலா மூட்டு உயர்ந்தோ தாழ்ந்தோ ஒட்டியிருக்கும். அந்த மூட்டுகளை மட்டும் வெட்டி, பலகையில் நேராகப் பிடித்து, வெள்ளைப் பசையால் மறுபடி ஒட்டுங்கள். முதன்மைச் சட்டமே, அதாவது ஸ்பாரே முறுக்கியிருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், புது இறக்கை செய்வதுதான் குறைந்த வேலை.

அடுத்த இறக்கைக்கு இது வராமல் இருக்க: டோப்பில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள், கலவையில் சில சொட்டு விளக்கெண்ணெய் சேருங்கள். எண்ணெய் டோப்பை இளக்கமாக வைத்திருக்கும், காலப்போக்கில் ஏறும் இழுவிசை நன்றாகக் குறையும். பியூட்டிரேட் டோப்பைவிட நைட்ரேட் டோப் குறைவாகச் சுருங்கும் என்பதால் இந்த அளவு மெல்லிய இறக்கைக்கு நைட்ரேட்தான் என் தேர்வு. இரண்டுமே எளிதில் தீப்பிடிக்கும், ஆவியும் தலைசுற்ற வைக்கும். ஜன்னல் திறந்த இடத்தில், அடுப்போ ஹீட்டரோ இல்லாத அறையில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அடிப்பக்கத் தாள் குழிவை விட்டுப் பிரிந்து நேராக நிற்கிறது

அன்றைய இறக்கைகளுக்கு அடியில் குழிவு உண்டு, அந்தக் குழிவுதான் அவற்றின் தோற்றமே. தாள் சுருங்கும்போது மிகக் குறுகிய வழியைத் தேடும், விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்துக்கொண்டு விலாக்களை விட்டுப் பிரியும்.

சில விலாக்களில் மட்டும் பிரிந்திருந்தால் அந்த விலா மேல் தாளின் வெளிப்பக்கத்திலிருந்தே தின்னரைத் தூரிகையால் தடவுங்கள். தாள் இளகியதும் விரலால் விலா மேல் அழுத்தி உலரும்வரை பிடியுங்கள், விலாவில் ஏற்கெனவே டோப் இருந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். முழு இறக்கையும் பிரிந்திருந்தால் விலாக்களில் டோப்பே பூசாமல், விளிம்பில் மட்டும் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஒட்டுப்போட்டுப் பயனில்லை, அடித்தாளை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு விலாவின் அடிமுகத்திலும் இரண்டு மூன்று முறை டோப் பூசிக் காயவைத்து, லேசாக உப்புத்தாள் போட்டு, மறுபடி அடித்தாளை ஒவ்வொரு விலாவோடும் ஒட்டுங்கள். எப்போதும் அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. மேல்தாள் இல்லாதபோதுதான் மேலிருந்து கையை விட்டு விலாவில் ஒட்டியதா என்று பார்க்க முடியும்.

தாள் தளர்ந்து சுருக்கம் விழுந்தது

மழை நாளில் மட்டும் தளர்ந்து, காய்ந்த நாளில் சரியாகிறதா? டோப் போதவில்லை, இன்னும் ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். எப்போதும் தளர்ந்தே இருந்தால் தாளின் நார் ஓட்டத்தைப் பாருங்கள். ஒரு மிச்சத் துண்டைக் கிழித்துப் பார்த்தால் நேராகக் கிழியும் திசைதான் நார் ஓட்டம், அது இறக்கையின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே போட்டிருந்தால் எவ்வளவு பூசினாலும் சுருக்கம் முழுதாகப் போகாது, உரித்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டியதுதான். டோப் அடிக்கும் முன் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் பாதிச் சுருக்கம் அப்போதே போய்விடும்.

வெள்ளையாகப் பூத்தது

டோப் அடித்த இடம் பால் படிந்ததுபோல் வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம். காய்ந்த நாள் வரும்வரை பொறுத்திருந்து, மெதுவாக உலரும் தின்னரை மெல்லியதாகத் தடவினால் பூச்சு இளகித் தெளிந்துவிடும்.

பசை போட்ட மூட்டைச் சுற்றி வெண்படலம் வந்தால் அது சூப்பர் குளூவின் ஆவி படிந்தது. மரத்தில் என்றால் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து வார்னிஷ் பூசினால் மறையும். பித்தளையில் என்றால் அசிட்டோன் தொட்ட துணி போதும். உடலின் பின்பாதி திறந்தே இருக்கும் மாடலில் இந்தப் பசையைத் தெரியும் மூட்டுகளுக்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்பேன், வெள்ளைப் பசை மெதுவாகப் பிடித்தாலும் சுத்தமாகப் பிடிக்கும். அந்தப் பசை கண்ணில் தெறித்தால் இமையைப் பிரிக்க முயலாதீர்கள், வெதுவெதுப்பான நீரால் கழுவிக்கொண்டே நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

உடல் ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது

மூக்கின் நடுவிலிருந்து வால் தூணின் நடுவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் நடுப்புள்ளியும் நூலுக்கு அடியில் வருகிறதா என்று பாருங்கள். எந்தச் சட்டத்திலிருந்து விலக ஆரம்பிக்கிறதோ அதற்கு முந்தைய கட்டத்தில்தான் காரணம்.

அந்தக் கட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டிவைடரால் அளங்கள். வேறுபட்டால், உட்புறக் குறுக்குக் கம்பிகளில் ஒன்று அதிகமாக இழுபட்டிருக்கிறது. நீளம் குறைந்த மூலைவிட்டத்தில் இருக்கும் கம்பியை வெட்டிவிட்டு ஒரு நாள் சும்மா வையுங்கள். உடல் தானே திரும்பினால் கம்பிதான் குற்றவாளி, இழுக்காமல் புதுக் கம்பி போடுங்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் கம்பியில் முதலில் கைவைக்கலாம், அதுவும் வெட்டுவதற்குத்தான், இறுக்குவதற்கு இல்லை.

மூலைவிட்டங்கள் சமமாக இருந்தும் வளைவு இருந்தால், இடது வலது நீளச் சட்டங்களின் மரம் ஒன்றுபோல இல்லை. ஒன்று விறைப்பு, ஒன்று இளக்கம், வாலில் இரண்டையும் சேர்க்கும்போது விறைப்பானது குறைவாக வளைந்து மற்றதை இழுத்துவிடும். சேர்ப்புக்கு முன்னால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: குச்சிகளை ஒரே நீளம் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். சமமாகத் தாழ்கிறவற்றை ஜோடி சேருங்கள். ஒட்டி முடித்த பிறகு தெரிந்தால் வால் மூட்டை வெட்டி, விறைப்பான சட்டத்தை ஈரமாக்கி, நடுக்கோடு வரைந்த பலகையில் சரியான வடிவில் பிடித்துக் காயவைத்து மறுபடி ஒட்டலாம், பல சமயம் இதுவே போதும். சட்டம் முறிந்தோ பிளந்தோ போனால் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றுங்கள், ஒட்டுப்போட்ட சட்டம் திறந்த உடலில் அசிங்கமாகத் தெரியும்.

ஒரு இறக்கை நுனி தாழ்ந்து நிற்கிறது

மேசையிலிருந்து உடலின் இடது வலது மேல்சட்டங்களுக்கு உயரம் அளங்கள். சமமாக இருந்தால் கோளாறு இறக்கையில். வேறுபட்டால் சக்கரத் தாங்கியில்.

தாங்கியில் என்றால் முதலில் சக்கரங்களையே இடம் மாற்றிப் போடுங்கள், சாய்வும் பக்கம் மாறினால் சக்கரத்தின் விட்டம் வேறுபடுகிறது. மாறவில்லையென்றால் கட்டில் சட்டம்போல இருக்கும் அந்த முன் தாங்கியின் குழாய்களை மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். நிஜத்தில் பக்கக் காற்றில் இறங்கும்போது, விமானம் தரையில் ஓடும் திசைக்கேற்பச் சக்கரங்கள் திரும்பிக்கொள்ளும். மாடலிலும் அப்படியே விட்டிருந்தால் ஒரு சக்கரம் திரும்பி நிற்பதாலேயே சாய்வதுபோலத் தோன்றும், நேராகத் திருப்பிவிட்டு மறுபடி அளங்கள். சாலிடர் செய்த பித்தளை மூட்டு விட்டுப்போயிருந்தால், பக்கத்து மூட்டுகளை ஈரத் துணியால் சுற்றிவிட்டு அதை மட்டும் சூடாக்குங்கள். நாலைந்து மூட்டுகள் நெருக்கமாக இருக்கும் மூலையில் இது கையில் அடங்காது, நகை வேலையோ நுண்ணிய சாலிடரிங்கோ செய்கிறவரிடம் கொடுப்பது மலிவு.

இறக்கையில் என்றால் அதைக் கழற்றுங்கள். நிஜ விமானத்திலேயே கழற்றக்கூடியது என்பதால் மாடலிலும் ஸ்பார் நுனி ஒரு குழாய்க்குள் போகும்படி செய்வது இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுக்கும். கழற்றிய இறக்கை நேராக இருந்தால் அந்தக் குழாய் கோணம் மாறி ஒட்டியிருக்கிறது. அதற்கு அடியில் ஒரு மெல்லிய தாள் துண்டு வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கம்பிகள் தளர்ந்தன

மேலே சொன்னவை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு மட்டும் இங்கே வாருங்கள். எந்தக் கம்பி தளர்ந்தது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

எல்லாம் சமமாகத் தளர்ந்தால் ஈரம். நைலான் தூண்டில் நரம்பு ஈரத்தை உறிஞ்சி நீளும். காய்ந்த நாளில் இறுகிவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கம்பி என்றால் அதன் முடிச்சோ துளையோ வழுக்கியிருக்கிறது. ஒரு பக்க மேல்கம்பிகள் தளர்ந்து எதிர்ப்பக்க மேல்கம்பிகள் இறுகியிருந்தால் விமானியின் முன்னால் நிற்கும் கம்பித் தூண் சாய்ந்திருக்கிறது, தூணை நிமிர்த்தினால் இரண்டும் சரியாகும். இரண்டு பக்கமும் கீழ்க்கம்பி தளர்ந்து மேல்கம்பி விறைத்திருந்தால் இறக்கைகள் தம் எடையில் கீழே இறங்கியிருக்கின்றன, ஸ்பார் மூட்டைப் பாருங்கள்.

நரம்பு லேசாகத் தளர்ந்திருந்தால் சூடான சாலிடரிங் கம்பியைத் தொடாமல் அருகே ஓட்டினால் சுருங்கி இறுகும். ஒரு பக்கம் செய்ததும் மறுபக்கத்து ஜோடியையும் செய்யுங்கள், உடலுக்கு அருகிலிருந்து நுனி நோக்கிப் போங்கள். அடிக்கடி தளர்ந்தால் நரம்பை விட்டுவிட்டு இழுபடும் மெல்லிய எலாஸ்டிக் நூலுக்கு மாறுங்கள், அது மரத்தை இழுக்காது, மரம் அசைந்தாலும் தளராது. சின்ன அளவு மாடலுக்கு இன்னொரு வழியும் உண்டு. மெல்லிய உலோகக் கம்பியை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே உருட்டி நேராக்கி, டிவைடரால் அளந்து வெட்டி, எந்த இழுவிசையும் இல்லாமல் வைத்து ஒட்டிவிடலாம். என் கணிப்பில் பார்வைக்கு மிகச் சுத்தமாக இருப்பது இதுதான்.

சக்கரம் கோட்டம் அடிக்கிறது

அச்சை இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே பிடித்துச் சுழற்றி, ஒரு பென்சில் முனையை விளிம்புக்கு அருகே அசையாமல் வையுங்கள். விளிம்பு பக்கவாட்டில் ஆடினால் ஒரு பக்க ஆரக்கம்பிகள் அதிகம் இழுபட்டிருக்கின்றன. மேலும் கீழும் ஆடினால் நடுக்குடம் மையத்தில் இல்லை. பக்க ஆட்டத்துக்கு, விளிம்பு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்து ஆரங்களை அந்த இடத்தில் தளர்த்தி ஒட்டினால் போதும். மைய விலகலைப் பிறகு திருத்தவே முடியாது, ஆரங்களை வெட்டிவிட்டு மறுபடி கோர்க்க வேண்டும். இந்தமுறை விளிம்பு, குடம் இரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஒரு மரத் தாங்கி செய்து அதற்குள் வைத்துக் கோருங்கள்.

அன்ஸானி சிலிண்டர்கள் மூன்றும் மூன்று மாதிரி

விசிறிபோல விரிந்து நிற்கும் மூன்று சிலிண்டர்கள்தான் மூக்கில் முதலில் கண்ணில் படும். குளிர்விக்கும் வளையங்களின் இடைவெளி மாறினால் உடனே தெரியும். வட்டத் துண்டுகளை அடுக்கிச் செய்திருந்தால் பெரிய துண்டும் சிறிய துண்டும் ஒரே தடிமத் தகட்டிலிருந்து வெட்டப்பட்டனவா என்று பாருங்கள். குழாயில் கம்பி சுற்றிச் செய்திருந்தால், இரண்டு கம்பிகளைச் சேர்த்துச் சுற்றி, பசை காய்ந்த பிறகு ஒன்றை உருவிவிடுங்கள், இடைவெளி தானாகச் சமமாகும். இந்த இரண்டிலும் திருப்தி வரவில்லை என்றால் நேரத்தை வீணாக்காமல் லேத் வைத்திருப்பவரிடம் போங்கள். ஒரு சிலிண்டரின் வரைபடத்தை, விட்டம், வளையத் தடிமம், இடைவெளி மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். மூன்றையும் ஒரே கம்பியிலிருந்து ஒரே தடவையில் கடையச் சொல்லுங்கள், உடைந்தால் மாற்ற நான்காவது ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.